நாய்த் தரகு

கனிஷாய் டீச்சர் பேரம் பேச மாட்டார். முதலில் எனக்கு உறுத்தியது அதுதான்.

பஜாரில் பதினெட்டு வருஷமாக அரிசிக் கடை வைத்திருக்கிறேன். விலை சொன்னதும் முகம் சுளிக்காமல் பையை நீட்டுகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, அடுத்தவர் பணத்தில் வாங்க வந்தவர்கள். இன்னொன்று, துக்க வீட்டிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டவர்கள். டீச்சர் இரண்டிலும் சேர்த்தியில்லை. செவ்வாய்தோறும் வருவார், ஒரு மூட்டை குருணை கேட்பார், சொன்ன விலையைக் கொடுப்பார், "நன்றிம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார். நாலாவது வாரம் எனக்கே தாங்கவில்லை.

"டீச்சர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கேன். குறைச்சுக் கேளுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கேட்டா நான் குறைப்பேன்ல?"

"அப்ப முதல்லயே குறைச்சுச் சொல்லியிருக்கலாமே நீ."

இப்படிப் பேசுகிற ஆளிடம் என்ன வியாபாரம் செய்ய முடியும்? இத்தனை குருணையை யார்தான் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். "நாப்பத்தாறு நாய்" என்றார்.

திங்கட்கிழமை பஜாருக்கு விடுமுறை. என் வீட்டுக்காரர் சாதிர் மினிபஸ் ஓட்டுகிறார். அவர் வண்டியிலேயே போய் ஊர்க்கோடியில், பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டேன். பாதி தர்மம், பாதி வேவு. தகரக் கதவைத் தள்ளியதும் நாற்பத்தாறும் ஒரே சமயத்தில் என்னை விசாரித்தன.

டீச்சர் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெறும்போது பள்ளியில் வேண்டாமென்று தூக்கிப் போட்ட கரும்பலகையைக் கொண்டுவந்து தன் நாய்க் காப்பகச் சுவரில் மாட்டியிருந்தார். 'நீங்கள் எப்படி உதவலாம்' என்று மேலே தலைப்பு. நாயை நடத்திக் கூட்டிப்போகலாம், கஞ்சி காய்ச்சலாம், பழைய கம்பளம் கொடுக்கலாம், வண்டி இருந்தால் மருத்துவரிடம் ஏற்றிப்போகலாம், படம் எடுத்துக் கொடுக்கலாம், குட்டிகளைச் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே வரிசையாக எழுதியிருந்தது.

"இதுல உனக்கு எது வரும்?" என்றார்.

"எல்லாம் வரும் டீச்சர்."

எதுவும் வரவில்லை. முதல் திங்கள் ஒரு நாயோடு வாசல் வழியாகக் கிளம்பி, வாய்க்கால் வழியாகத் திரும்பினேன். அடுத்த திங்கள் கஞ்சி. நான் வெங்காயம் வதக்குகிற மணம் பட்டு டீச்சர் ஓடிவந்து அண்டாவை அப்படியே கவிழ்த்தார்.

"வெங்காயம் நாய்க்கு விஷம் புருல்சா!"

"ஒரு வாசனையும் இல்லாம எப்படி டீச்சர் தட்டுல வைக்கிறது?"

படம் எடுத்தேன். நாய் மங்கலாகவும் என் கட்டைவிரல் தெளிவாகவும் விழுந்திருந்தது. "உன் விரலை ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, கொடுத்துடவா?" என்றார் டீச்சர். ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாலாம் நாள் சாதிர், "இந்தா, இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார். நான் யோசித்தேன். யோசித்ததைப் பார்த்தே இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

அப்புறம்தான் பஜார் வாசலில் டீச்சர் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தேன். 'மூன்றே கால்கள் உள்ள பரிதாபத்துக்குரிய ஜீவன். யாருக்கும் வேண்டாத இவளுக்கு ஒரு வீடு கொடுப்பீர்களா?'

நேராகக் கிழித்துக்கொண்டு போனேன்.

"யாருக்கும் வேண்டாததுன்னு நீங்களே எழுதி ஒட்டினா அத நான் ஏன் வாங்கணும்? 'புழுத்த அரிசி'ன்னு பலகை வெச்சு யாராச்சும் அரிசி விப்பாங்களா?"

"பொய் எழுதச் சொல்றியா?"

"இல்ல டீச்சர். எதை முதல்ல சொல்லணும், எதை அப்புறமா சொல்லணும்னு சொல்றேன். விவரம் தெரிஞ்சவ, அமைதியானவ, வீட்டை விட்டு ஓட மாட்டா. இது மூணும் உண்மைதானே?"

"ஓட முடியாதும்மா. மூணு காலு."

"அதை வீட்டுக்குக் கூட்டிப்போறப்ப அவங்களே எண்ணிக்குவாங்க."

கடைக்கு வருகிறவர்களிடம் அரிசி அளந்துகொண்டே பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். யாருக்கு எந்த அரிசி ஒத்துவரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவளுக்கு, யாருக்கு எந்த நாய் என்று சொல்லத் தெரியாதா? தனியாக இருக்கும் தையல்காரிக்கு மூன்று கால்காரி. பழத்தோட்டக்காரருக்கு, நிழலைக் கண்டாலும் குரைக்கிற பழுப்பு நாய். ஆகஸ்டுக்குள் ஒன்பது நாய்கள் வீடு போய்ச் சேர்ந்தன. கொடுத்துவிடுவதற்கு முன் டீச்சர் ஒரு தாளை நீட்டுவார். பதினோரு நிபந்தனைகள். படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஒன்பதில் இரண்டு திரும்பி வந்தன. அதில் ஒன்றை, கழுத்தை இறுக்குகிற சங்கிலியில் கட்டியிருக்கக் கண்டு டீச்சரே போய் மீட்டு வந்தார்.

"கையெழுத்துப் போட்டாங்களே!" என்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளுக்கு யார் பயப்படுகிறார்கள்? என் அப்பா கால்நடைச் சந்தையில் தரகர். விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் பிடித்துச் சேர்த்து, தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆட்டுவார். அவர்கள் உருவிக்கொள்ளப் பார்ப்பார்கள், இவர் விட மாட்டார். சுற்றி நிற்கும் கூட்டம் "கொடு, கொடு" என்று கத்தும். இரண்டு கையும் இழுப்பதை நிறுத்திவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் பின்வாங்கியவனுக்கு அந்தச் சந்தையில் ஒரு கோழிகூட யாரும் விற்க மாட்டார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் மாடு இல்லாத கயிறுகள் முப்பது நாற்பது தொங்கும். விற்ற மிருகத்தோடு கயிறு போகக் கூடாது, போனால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பார் அப்பா. வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவருவான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான்.

அதனால் தாளை ஓரமாக வைத்துவிட்டு, காப்பக முற்றத்தில் கைபிடித்து நிபந்தனை பேச ஆரம்பித்தேன். விலை இல்லை, நாய் இலவசம்தான். பேரமெல்லாம் சங்கிலி நீளத்துக்கும் கூரைக்கும் தீனிக்கும். டீச்சருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. ஆனால் செப்டம்பரில் கொடுத்த ஆறில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அக்டோபரில் நிலத்துக்காரர் வந்து பின்வரிசைக் கொட்டடிகளை நவம்பர் முதல் தேதிக்குள் காலி செய்து தரச் சொல்லிவிட்டார். இடம் பாதியாகப் போகிறது. இனி ஒரு கொட்டடிக்கு இரண்டு நாய் என்று டீச்சர் கணக்குப் போட்டார். எல்லாம் சரியாக வந்தது, கராகுஷ் மட்டும் இடித்தது.

கராகுஷ் கன்றுக்குட்டி உயரக் கறுப்பு நாய். நாலு வருஷமாக அங்கே இருந்தது. மனிதர்களோடு இருக்கும், ஆட்டைக் கண்டால் மடியில் போட்டுக்கொள்ளும், ஆனால் இன்னொரு நாயோடு ஒரு கொட்டடியில் ஒரு மணி நேரம் இருக்காது. போன தடவை போட்டுப் பார்த்ததில் மற்ற நாய்க்குப் பதினேழு தையல். முதல் தேதிக்குள் வீடு கிடைக்காவிட்டால் கராகுஷை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுவிடுவதைத் தவிர வழியில்லை. டீச்சர் அதை ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டுத் துடைத்த பலகையையே மறுபடி துடைத்தார்.

வெள்ளிக்கிழமை, கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஆள் கிடைத்தார். மாமிர்குல் அண்ணன், பள்ளத்தாக்கின் மேல்கோடியில் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர். மலையிலிருந்து மந்தையை இறக்கும்போது அவருடைய நாயை ஓநாய் கடித்துக் கொன்றுவிட்டது. அரிசி வாங்க வந்தவரைக் கடையிலிருந்து நேராகக் காப்பகத்துக்குக் கூட்டி வந்தேன். ஒரே ஒரு சிக்கல். அவர் தலையில் உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி.

கராகுஷுக்கு அந்தத் தொப்பி ஆகாது. அது கொட்டடிக்கு வருவதற்கு முன் யார் என்ன செய்தார்களோ, வெள்ளைத் தொப்பியைக் கண்டால் வெறி வந்துவிடும். எங்கள் ஊரில் ஆடு வைத்திருப்பவன் தலையில் அந்தத் தொப்பி இல்லாமல் இருக்குமா? நாலு வருஷமாக அதற்கு வீடு கிடைக்காததற்குக் காரணமே அதுதான். டீச்சர் எல்லோரிடமும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவார்.

அன்றைக்கு டீச்சரைத் தனியாக இழுத்தேன். "தொப்பி விஷயத்துல இன்னிக்கு வாயைத் திறக்காதீங்க. வீடு போய்ச் சேரட்டும், போன்ல பக்குவமா சொல்லிக்கலாம்."

"தப்பும்மா அது."

"ஊசி போடுறது தப்பில்லையா?"

அவர் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். சந்தையில் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம்.

"அண்ணே, உள்ள கூரை தாழ்வு. தொப்பியை இந்த ஆணியில வைங்க" என்று கழற்ற வைத்தேன். கராகுஷ் வந்தது, முகர்ந்தது, அவர் பூட்ஸ் மேல் சாய்ந்து உட்கார்ந்தது. அவர் குனிந்து பல்லைப் பார்த்தார்.

"ஏழு வயசு இருக்குமே?"

"அனுபவசாலின்னு சொல்லுங்கண்ணே. கையக் கொடுங்க."

பெண்பிள்ளை கையைப் பிடிப்பதா என்று தயங்கினார். பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு நீட்டினார். அவர் கையையும் டீச்சர் கையையும் பிடித்தேன்.

"கட்டிப் போடக் கூடாது" என்றார் டீச்சர்.

"ஆட்டுக்கு நடுவுல சும்மாதான் சுத்தும். விருந்தாளி வந்தா கட்டணும்ல?"

"விருந்தாளி வர்றப்ப மட்டும்."

"டீச்சரம்மா, என் வீட்டுக்கு விருந்தாளி தினமும் வர்றான். என் மைத்துனன். போறதே இல்ல."

"அப்ப சங்கிலி பத்து மீட்டர் இருக்கணும்" என்றேன்.

"பத்து மீட்டரா? அது சங்கிலியா, ரோடா?"

"ஏழு!"

"மூணு!"

ஆட்டினேன். டீச்சர் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஐந்து மீட்டர், பனிக்காலத்தில் கூரைக்கு அடியில் வைக்கோல், காது வெட்டக் கூடாது, கிடா அறுத்தால் எலும்பு நாய்க்கு என்று முடிந்தது. கைகள் நின்றன. டீச்சர் தடுப்பூசி அட்டையை எடுக்க உள்ளே போனார்.

மாமிர்குல் அண்ணன் தன் கயிற்றை எடுத்து நாயின் கழுத்தில் கட்டினார். நான் குனிந்து அதன் பழைய கழுத்துப்பட்டையைக் கழற்றி என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கொடுத்த மிருகத்தின் கழுத்திலிருந்து கயிற்றை எடுப்பது எனக்கு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. அவரும் அதைச் சாதாரணமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைப் புது அரிசிப் பையில் போட்டு, "தூசி படும்ணே, வீட்ல போய் எடுத்துக்கோங்க" என்று கொடுத்தேன். டீச்சர் அட்டையோடு வருவதற்குள் நாய் ஜீப்பின் பின்பக்கம் ஏறிவிட்டது.

நாலு மணிக்கு போன் வந்தது. பள்ளத்தாக்கு ரோட்டில் ஆஷ்லான்ஃபூ நூடுல்ஸ் கடையைப் பார்த்ததும் அவர் ஜீப்பை நிறுத்தியிருக்கிறார். வெறுந்தலையோடு கடைக்குள் போவது மரியாதையில்லை என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். குளிர்ந்த நூடுல்ஸைக் குடித்து முடித்து, நாய்க்கென்று ஒரு எலும்பும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். கராகுஷ் எலும்பைப் பார்க்கவில்லை, தொப்பியைப் பார்த்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டது.

"நான் அதுக்கு என்ன செஞ்சேன்னே தெரியல தங்கச்சி" என்றார் போனில். அவ்வளவு பெரிய மனிதரின் குரல் உடைந்திருந்தது. தொப்பி விஷயத்தை அப்போதும் நான் சொல்லவில்லை. "தேடுவோம்ணே" என்று மட்டும் சொன்னேன்.

காப்பகத்துக்குப் போனபோது டீச்சர் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பரவாயில்ல. பட்டையில நம்ம நம்பர் இருக்கு. பார்க்கிறவங்க கூப்பிடுவாங்க. தெரு நாயைச் சுடுற நாய் வண்டிக்காரங்களும் பட்டை போட்டதைச் சுட மாட்டாங்க."

நான் ஏப்ரன் பையிலிருந்து பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். பித்தளை வில்லை டங்கென்று சத்தம் போட்டது.

டீச்சர் கரண்டியை நிறுத்திவிட்டார். "ஏன்?"

"விக்கிற மிருகத்தோட கயிறு போகக் கூடாது டீச்சர்."

"புருல்சா," என்றார், கத்தாமல், "நாம விக்கலம்மா."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பட்டையை எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ரோட்டில் நாய் வண்டி வார இறுதிக் காலைகளில் வரும். கழுத்தில் ஒன்றுமில்லாத நாய் கண்ணில் பட்டால் துப்பாக்கிதான். சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் என் பிரசவங்களுக்கு மட்டும்தான் கடை மூடியிருக்கிறேன். சாதிர் மினிபஸ்ஸில் ஆள் ஏற்றாமல் எங்களைப் பள்ளத்தாக்கு ரோட்டில் ஏற்றிப்போனார். மாமிர்குல் அண்ணன் மேல்பக்கத்திலிருந்து குதிரையில் தேடிக்கொண்டு இறங்கினார். டீச்சர் ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலும் குனிந்து கூப்பிட்டார். நாய் வண்டி எங்களைத் தாண்டிப் போனபோது ஓட்டுநரிடமே நிறுத்திக் கேட்டார். கறுப்பு நாய் எதுவும் இல்லை என்றார்கள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் திரும்பினோம்.

சாதிர்தான் சொன்னார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "அந்த உசரத்துக்கு ஒரு நாய் ரோட்ல சும்மா போனா எவன் விட்டு வைப்பான்? ஆடு இறங்குற சமயம், நாய்க்கு நல்ல கிராக்கி. நாளைக்குச் சந்தையில போய்ப் பாரு."

தரகர் மகள் நான். எனக்குத் தோன்றாமல் அவருக்குத் தோன்றியதே என்று ஆத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை விடிந்ததும் கூடிவிடும். வாசலிலேயே கராகுஷின் குரல் கேட்டது. நாய்கள் நிற்கும் மூலையில், தோல் ஜாக்கெட் போட்ட முப்பது வயசுக்காரன் ஒருவன், கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றி வெள்ளைத் தொப்பிக் கூட்டம். ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்துக் கராகுஷ் எம்பி எம்பி விழுந்தது.

"பாருங்க ஆக்ரோஷத்த! ஓநாய் என்ன, ஓநாயோட பாட்டன் வந்தாலும் கிழிச்சிரும்! ரெண்டு ஆட்டு விலைக்குக் குறைய மாட்டேன்!"

டீச்சரைக் குதிரைகள் பக்கம் அனுப்பினேன். "நீங்க இங்க நின்னா கேட்ட விலையைக் கொடுத்து நன்றியும் சொல்லிடுவீங்க." அப்போது மாமிர்குல் அண்ணனும் வந்து சேர்ந்தார், தலையில் தொப்பியோடு. "அண்ணே, நீங்க கூட்டத்துக்குப் பின்னால நில்லுங்க. வேணும்னு முகத்துல காட்டாதீங்க." அவர் தலையாட்டினார்.

முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன். கராகுஷ் குரைப்பதை நிறுத்திவிட்டு என் ஏப்ரன் பைக்குள் மூக்கை நுழைத்தது. பட்டை உள்ளேதான் இருந்தது.

"உங்களைத் தெரியும் போலருக்கே அக்கா?" என்றான் ஜாக்கெட்காரன். ஆள் கூர்மை.

"பையில காயவெச்ச தயிர் உருண்டை இருக்கு. தம்பி, இது என்ன, நாயா, கழுதையா?"

"ஓநாயையே அடிச்ச நாய் அக்கா!"

"எப்ப அடிச்சுது?"

"போன குளிர்காலத்துல."

போன குளிர்காலத்தில் அது காப்பகத்தில் குருணைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. இது காப்பகத்து நாய் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சந்தையில் கயிறு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் சொந்தக்காரன், பட்டையைக் கழற்றி அந்த உரிமையை விட்டவளும் நான்தான். மிச்சம் இருந்தது நான் வளர்ந்த வழி ஒன்றே. விற்கும்போது மறைத்ததையெல்லாம் வாங்கும்போது எடுத்துச் சொல்ல வேண்டும்.

"வயசு ஏழு. பல்லைப் பாருங்க எல்லாரும்." நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். "இன்னொரு நாயோட ஒண்ணா இருக்காது. பட்டியில வேற நாய் இருக்கறவங்க இப்பவே போயிடுங்க." மூன்று பேர் போனார்கள். "அப்புறம், இது ஓநாயைப் பார்த்துக் குரைக்கல தம்பி. தொப்பியப் பார்த்துக் குரைக்குது."

"என்ன தொப்பி? சும்மா கதை விடாதீங்க."

"சோதிச்சுப் பார்த்துடலாம். எல்லாரும் கொஞ்சம் தொப்பியக் கழட்டுங்க."

சந்தையில் ஆண்பிள்ளைகளைத் தொப்பி கழற்றச் சொன்ன பெண் இதற்கு முன் இருந்திருக்க மாட்டாள். சிரித்தார்கள். ஆனால் வேடிக்கை என்று வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் கழற்றுவார்கள். ஒவ்வொன்றாகத் தொப்பிகள் கக்கத்துக்குள் போயின. குளிரில் வழுக்கையும் நரையுமாக ஒரு வட்டம். கராகுஷ் உட்கார்ந்துவிட்டது. கொட்டாவி விட்டது.

"ஒருத்தர் மட்டும் போடுங்க!"

பின்னாலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பி மெதுவாகத் தலைக்கு ஏறியது. மாமிர்குல் அண்ணன். கராகுஷ் பாய்ந்தது. ஜாக்கெட்காரன் இரண்டடி இழுபட்டுப் போனான். அவர் தொப்பியைக் கழற்றினார். நாய் அடங்கியது. போட்டார். பாய்ந்தது. கழற்றினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எந்த மேய்ப்பன் தம்பி இதை வாங்குவான்?" என்றேன் ஜாக்கெட்காரனிடம். "அரை மூட்டை குருணை தர்றேன்."

"ரெண்டு ஆட்டுக்கு அரை மூட்டை குருணையா!"

கையைப் பிடித்தேன். கூட்டம் ஜாக்கெட்காரன் பக்கம் இல்லை. "கொடு, கொடு, அக்காகிட்ட கொடுத்துட்டு வீட்டுக்குப் போ!" ஒரு மூட்டை குருணையில் அவன் கை நின்றது. உடனே, வழக்கப்படி, குனிந்து தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டான்.

சந்தை நடுவில் கராகுஷ் கழுத்தில் ஒன்றுமில்லாமல் நின்றது. அதுவரை குதிரைகளுக்குப் பின்னால் நின்ற டீச்சர் எப்படி வந்தார் என்றே தெரியவில்லை, மண்ணில் மண்டியிட்டு நாயைக் கட்டிக்கொண்டார். பையிலிருந்து பட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் வழக்கமான துளையில் மாட்டி, இரண்டு விரல் உள்ளே போகிறதா என்று பார்த்தார். சுற்றி நின்றவர்களில் ஒருத்தரும் இன்னும் தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை.

மாமிர்குல் அண்ணன் கிட்டே வந்தார், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"வெள்ளிக்கிழமை இதெல்லாம் சொல்லலையே நீ."

"அன்னிக்கு வித்தேன்ணே. இன்னிக்கு வாங்குறேன்."

"கூரை தாழ்வுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"தூசி படும்னு சொன்ன."

"சொன்னேன்ணே. மறைச்சது நான்தான், டீச்சர் இல்ல. அவங்க முதல்லயே சொல்லணும்னாங்க."

நாளைக்கு முதல் தேதி. டீச்சர் நாயின் கழுத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மாமிர்குல் அண்ணன் மலைப்பக்கம் பார்த்தார். உச்சியில் ஏற்கெனவே பனி விழுந்திருந்தது.

"இன்னும் எதாச்சும் இருக்கா? எல்லாத்தையும் சொல்லிடு."

"இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிரும். இடது கால் பூட்ஸைக் கடிக்கும்."

"ஏன் இடது கால்?"

"தெரியலண்ணே. குறட்டை விடும்."

"என் மைத்துனனும் விடுவான்." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். "அடுத்த வாரத்துலருந்து தலைக்கு நரித்தோல் தொப்பிதான். ஏப்ரல் வரைக்கும் இந்த வெள்ளையை வெளிய எடுக்கப் போறதில்ல. அஞ்சு மாசம். அஞ்சு மாசத்துல நானே குதிரையைப் பழக்கியிருக்கேன், நாய் பழகாதா?" என்றவர், கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை நீட்டினார். "தொப்பிய ஆணியில வைக்கிறதா பையில வைக்கிறதான்னு நீ சொல்லத் தேவையில்ல. மத்ததைப் பேசு."

இந்தத் தடவை ஆட்ட வேண்டியிருக்கவில்லை. டீச்சர் கையும் அவர் கையும் பட்டதுமே நின்றுவிட்டன. ஜீப்பில் ஏறும்போது, பட்டையோடு போகிறதே என்று எனக்கு உள்ளங்கை அரித்தது. யாரும் பார்க்காதபோது கராகுஷின் பிடரியிலிருந்து ஒரு கொத்து மயிரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். டீச்சர் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த திங்கள் போனபோது கரும்பலகையின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'தரகு பேசுதல்: புருல்சா. குறைகளை முதலில் சொல்லவும்.' இரண்டாவது வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தவர், குருணை விலையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சரியாக வரவில்லை, பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. குறைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் கடைசியில் மாமிர்குல் அண்ணன் போன் செய்தார். பின்னணியில் குட்டி ஆடுகள் கத்தின.

"தங்கச்சி, உன் நாய் நேத்து தொப்பியக் கிழிச்சிருச்சு."

"அண்ணே..."

"தூள் தூளா கிழிச்சிருச்சு. வாசல்லருந்து கேட் வரைக்கும் துரத்திட்டும் போச்சு."

"அண்ணே, நான் வந்து பேசுறேன். புதுத் தொப்பி நானே வாங்கித் தர்றேன்."

"எனக்கு எதுக்கு? என்னோடதத் தொடல. மார்ச்சுலயே பழகிருச்சு, இப்ப நான் போட்டா முகந்து பார்த்துட்டுப் படுத்துக்கும்."

"அப்ப யாரோட தொப்பி?"

"மைத்துனனோடது" என்றார். "சாயங்காலமே மூட்டையக் கட்டிட்டான். இந்த நாய்க்குத் தங்கச்சி இருக்கா உங்ககிட்ட?"